கையெழுத்து மாதிரி பிரஷ் எழுத்துரு: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (கேரளா, தமிழ்நாட்டு எல்லை):

எங்கள் பக்கம் கடைப் பலகை என்றால் மலையாளமும் தமிழும் சேர்ந்தே இருக்கும். எனக்கு டிசைன் வேலை. பேக்கரி போர்டு, மாம்பழப் பெட்டி, கல்யாண பேனர் என்று எது வந்தாலும் "பிரஷ்ல எழுதின மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

முதலமடை மாந்தோப்புக்காரர் ஒருவருக்குப் பெட்டியில் 'அம்மன் மாம்பழம்' என்று போட வேண்டியிருந்தது. எண்ணிப் பாருங்கள், அதில் ஐந்து இடத்தில் 'ம' வருகிறது. பெயிண்ட் காய்ந்து இழுத்த கீறலோடு வரைந்த எழுத்துரு அது. ஐந்திலும் அதே கீறல், அதே இடத்தில். பக்கத்தில் இருந்த பழைய போர்டு பெயிண்டர் உடனே பிடித்துவிட்டார்: "கண்ணு, எழுத எழுத பிரஷ்ல பெயிண்ட் கொறஞ்சுட்டே வரும். கடைசி எழுத்து எப்படி மொத எழுத்தாட்டவே இருக்கும்?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்துகளைக் கர்வ் ஆக்கி (அதாவது விருப்பப்படி வளைக்கக்கூடிய கோடுகளாக மாற்றி), ஒரு 'ம'வின் வாலை நீட்டி, இன்னொன்றின் கீறலை அடைத்து, கடைசி 'ம்'மை மட்டும் வறண்டதாக விட்டோம். பெட்டிக்கு உயிர் வந்தது. நல்ல ஆங்கில பிரஷ் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் உள்ளேயே வைத்து, தானாக மாறி மாறி வரும்படி செய்திருப்பார்கள். தமிழுக்கும் அப்படி நிறைய வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அப்புறம், பிரஷ் எழுத்து பெயருக்கு மட்டும்தான். முகவரியையும் போன் நம்பரையும் அதிலேயே போட்டால் ண, ன சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1942-இல் வந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற எழுத்துருவில் சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்கும். முழுக்கக் கேப்பிட்டலில் அடித்தால் படிக்கவே வராது.

மலையாளத்தோடு சேர்ப்பதுதான் இங்கே நிஜமான சவால். 'சிலங்கா' அழகான மலையாளக் கையெழுத்து எழுத்துரு. ஆனால் பேனா பிடித்த கை அது. தடித்த தமிழ் பிரஷ் எழுத்துக்குப் பக்கத்தில் மெலிந்து தெரியும். நேரம் இருந்தால் ஒரே பெயிண்டரிடம் இரண்டு மொழியையும் எழுதி வாங்கி ஸ்கேன் செய்துவிடுவேன். இல்லையென்றால் 'பலூ' எழுத்துருக் குடும்பம். தமிழுக்கு 'பலூ தம்பி', மலையாளத்துக்கு 'பலூ சேட்டன்'. கீறல் இல்லாத உருண்டை எழுத்துதான், ஆனாலும் இரண்டும் ஒரே தடிமனில் நிற்கும்.

நகரியிலிருந்து (ஆந்திரா, தமிழ்நாட்டு எல்லை):

அண்ணா, தெலுங்குக்கும் அந்தப் பலூவில் 'தம்முடு' இருக்கிறது. இங்கே நான் அதைத்தான் போடுகிறேன். தெலுங்கு எழுத்தின் உச்சியில் வரும் தலைக்கட்டு இருக்கிறதே, பிரஷ்ஷை ஒரு சுண்டு சுண்டினால் விழுகிற கோடு. கையால் எழுதும்போது அவ்வளவு அழகு. அதை அச்சடித்தாற்போல் எல்லா எழுத்திலும் ஒரே சாய்வில் வைத்தால் அந்தத் துள்ளல் போய்விடுகிறது. நீங்கள் 'ம'வுக்குச் செய்ததை நான் தலைக்கட்டுக்குச் செய்கிறேன்.

இன்னொன்று. எங்கள் பக்கம் சேலைக் கடைப் பெயர் பெரும்பாலும் 'ஸ்ரீ'யில் தொடங்கும். சில தமிழ் பிரஷ் எழுத்துருக்களில் ஸ்ரீ, ஜ, ஹ இருக்காது. அந்த எழுத்து மட்டும் சாதாரண எழுத்துருவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரிண்ட்டுக்குப் போன பிறகு தெரிந்தால் பேனர் துணி வீண். அதனால் எழுத்துருவை இறக்கியதும் முதலில் 'ஸ்ரீ விஜயலக்ஷ்மி' என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டுகிறேன்.