இரண்டடி மேசையில் கன்னே போர்: 28 மி.மீ.யா, 6 மி.மீ.யா?

ஈட்டிவரிசை:
வணக்கம். மினியேச்சர் போர் விளையாட்டுக்கு நான் புதிது. இதுவரை மற்றவர்கள் பெயின்ட் அடித்த படைகளைப் படங்களில் பார்த்து ரசித்ததோடு சரி. கி.மு. 216இல் கார்தேஜ் தளபதி ஹானிபல் ரோமானியரைச் சுற்றி வளைத்த கன்னே போரை மேசைமேல் நடத்திப் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. என்னிடம் இருப்பது இரண்டடிக்கு இரண்டடி மேசை. கூட விளையாட ஆள் இல்லை. 28 மி.மீ. உயரப் பொம்மைகளைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் சின்ன மேசைக்கு 6 மி.மீ.தான் சரி என்கிறார்கள் சிலர். அவ்வளவு சின்னதற்குப் பெயின்ட் அடிக்கக் கண் ஒத்துழைக்குமா என்ற பயமும் இருக்கிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

பகடைமாடம்:
கன்னே என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, நண்பரே. எனக்கு மிகவும் பிடித்த போர்.

பொம்மையின் உயரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். படை மேசையில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று பாருங்கள். தொடங்குவதற்கு நான் டிபிஏ (De Bellis Antiquitatis) என்ற பழங்காலப் போர் விளையாட்டு ரூல்ஸைச் சொல்வேன். 1990இல் வந்தது, பக்கத்துக்கு 12 பேஸ்தான். பேஸ் என்றால் சில பொம்மைகளைச் சேர்த்து ஒட்டி, ஒன்றாக நகர்த்தும் சிறு தட்டு. 28 மி.மீ.க்கு ஒரு பேஸ் 60 மி.மீ. அகலம். பன்னிரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் 720 மி.மீ. உங்கள் மேசையோ சுமார் 600தான். 15 மி.மீ. பொம்மை என்றால் பேஸ் 40, மொத்தம் 480. இரு பக்கமும் அறுபது அறுபது மிஞ்சும். குதிரைப்படை எங்கே திரும்பும்?

கன்னேயில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஹானிபலின் நடுவரிசை பிறை போல முன்னால் வளைந்து நின்று, ரோமானியர் நெருக்க நெருக்கப் பின்வாங்கியது. இரு ஓரத்திலும் நின்ற ஆப்பிரிக்கக் காலாட்படை உள்பக்கம் திரும்பியது. ஆற்றோரம் இருந்த குதிரைப்படை எதிரே நின்ற ரோமானியக் குதிரைகளை முறியடித்து, பின்பக்கமாகவே மறுகோடிக்கு ஓடி, கடைசியில் காலாட்படையின் முதுகில் விழுந்தது. இத்தனையும் நடக்க ரோமானியருக்குப் பின்னால் காலி நிலம் வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு சுவர்கள் முட்டிக்கொள்வதைத்தான் பார்ப்பீர்கள்.

அதனால் என் ஓட்டு 6 மி.மீ.க்கு, 20 மி.மீ. அகல பேஸில். மொத்தமே 240 மி.மீ.தான். இந்த அளவுப் பொம்மைகள் பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்த பட்டையாக வரும். பேஸுக்கு இரண்டு பட்டை ஒட்டினால் எட்டுப் பேர். 28 மி.மீ.யில் அதே ஈட்டிப்படைக்கு நாலு பேர்தான் நிற்பார்கள். மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் இரண்டு மடங்கு ஆட்கள்! நகரும் தூரங்களை மட்டும் ரூல்ஸில் 15 மி.மீ.க்குச் சொன்னதில் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேசையின் ஒரு ஓரத்தில் நீலத்துணி போட்டு போர்க்களத்தை ஒட்டி ஓடிய ஆஃபிடஸ் ஆற்றையும் வைத்துவிடுங்கள்.

தூரிகைக்காரி:
கண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். 28 மி.மீ.க்குத்தான் கண்ணும் பொறுமையும் அதிகம் தேவை. விழி, பெல்ட், துணி மடிப்பு எல்லாம் தெரியும். 6 மி.மீ.யில் ஒருவனை வரைவதில்லை, கூட்டத்தை வரைகிறோம். முதல் பூச்சாகக் கறுப்பு ப்ரைமர், மேலே வெளிர்நிறத்தில் டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்த உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), அப்புறம் கேடயம், முகம், ஈட்டிமுனை. கேடயத்தில் நேரம் செலவழியுங்கள், தூரத்திலிருந்து கண்ணில் படுவது அதுதான். நிஜ நிறத்தைவிட ஒரு படி பளிச்சென்று அடியுங்கள். பொம்மை சிறியதாக ஆக, நிறம் இருண்டு தெரியும். உலோகப் பொம்மைக்குச் சூப்பர் க்ளூ வாங்குங்கள், பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை அதில் ஒட்டாது.

கோட்டைச்சுவர்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண்ணை எடுக்க முடியவில்லை என்று அவரே 28 மி.மீ.யைச் சொல்கிறார். அந்த ஆசையை விட்டுவிட்டு வாங்கும் படை பெட்டியில்தான் தூங்கும். பக்கத்துக்குப் பத்துப் பேரை வைத்துச் சிறு மோதல் விளையாடலாமே? இரண்டடி மேசை அதற்குத் தாராளம். ஒவ்வொருவனுக்கும் பெயர் வைக்கலாம், காயம் எழுதி வைக்கலாம்.

பகடைமாடம்:
கோட்டைச்சுவர் சொல்வது நல்ல விளையாட்டு, நானும் விரும்பி ஆடுவேன். ஆனால் பத்துப் பேரால் யாரையும் கன்னே மாதிரி சுற்றி வளைக்க முடியாது. அவர் கேட்டது கன்னே.

எதையும் வாங்குவதற்கு முன் 20 மி.மீ. அகலத்தில் அட்டைத் துண்டுகள் வெட்டி விளையாடிப் பாருங்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி பிரஷ்ய ராணுவத்துக்குக் கொடுத்த போர் விளையாட்டே வரைபடத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகளை நகர்த்துவதுதான்.

ஈட்டிவரிசை:
அட்டை யோசனை பிடித்திருக்கிறது. தனியாக ஆடினால் இரண்டு பக்கத் திட்டமும் எனக்கே தெரியுமே? சுவாரசியம் இருக்குமா?

பகடைமாடம்:
இருக்கும், அதனால்தான் டிபிஏ சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டுவீர்கள். மூன்று விழுந்தால் மூன்று உத்தரவு. ஒட்டி நிற்கும் பேஸ்கள் ஒரே உத்தரவில் சேர்ந்து நகரும். வரிசை கலைந்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி உத்தரவு. திட்டம் தெரிந்திருந்தும், ஒன்று விழுந்த நேரத்தில் குதிரைகளைத் திருப்புவதா, நடுவரிசையைக் காப்பாற்றுவதா என்று தவிக்க வேண்டியிருக்கும்.

சண்டையில் இரு பக்கமும் பகடை உருட்டிப் படையின் பலத்தைக் கூட்டுவார்கள். தோற்ற பேஸ் பெரும்பாலும் பின்வாங்கும், அவ்வளவுதான். ஆனால் அதன் பக்கவாட்டிலோ முதுகிலோ எதிரி முட்டி நின்றால், பின்வாங்க வேண்டிய பேஸ் அங்கேயே அழியும். ஒரு பக்கம் நாலு பேஸ் இழந்து, அது எதிரி இழந்ததைவிட அதிகமாகவும் இருந்தால் அந்தப் பக்கம் தோற்றது. ரோமானியப் படை ஏன் அந்த நாளில் அப்படியே நொறுங்கியது என்பதை அந்த ஒரு விதி கையில் காட்டிவிடும்.

ஈட்டிவரிசை:
சரி, அட்டை வெட்டப் போகிறேன். குதிரைப்படை இரண்டு ஓரத்திலும் சமமாகவா?

பகடைமாடம்:
வேண்டாம். கனத்த குதிரைப்படையை ஆற்றுப் பக்கம் குவியுங்கள், வட ஆப்பிரிக்காவின் இலகுவான நுமிடியக் குதிரைகளை மறுகோடியில் வையுங்கள். ஹானிபலும் அப்படித்தான் நிறுத்தினார்.