வெளிநாட்டுப் பார்சலுக்குக் கூரியர் கேட்கும் தொகையைச் சரிபார்ப்பது எப்படி?

நூல்கண்டு:
பொருள் விலை 100, அனுப்பும் செலவு 20. சுங்கவரி 10%, அதன்மேல் விற்பனை வரி 20%. என் கணக்கில் 10 + 22 = 32தான். பில்லோ 53.40 என்கிறது. எங்கே கூடுகிறது? பொருளைத் திருப்பி அனுப்பினால் வரி கிடைக்குமா?

எடைக்கல்:
இரண்டு இடத்தில் கூடுகிறது. பல நாடுகளில் சுங்கம் எடுத்துக்கொள்ளும் மதிப்பு என்பது பொருள் விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்தது. சி.ஐ.எஃப். என்பது அதுதான். ஆக 100 அல்ல, 120. சுங்கவரி 12. விற்பனை வரி 132-க்கு, அதாவது 26.40. மொத்தம் 38.40. (அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சுங்கவரி போடும்போது பன்னாட்டுச் சரக்குக் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை.)

மீதி 15 அரசுக்குப் போவதில்லை. உங்கள் வரியைக் கூரியர் முன்பணமாகக் கட்டியதற்கான கட்டணம் அது. 'வரித்தொகையில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்சத் தொகை, எது அதிகமோ அது' என்பதுதான் வழக்கம். அதனால் சின்னப் பார்சல் என்றால் கட்டணமே வரியைத் தாண்டிவிடும். நாலு ஆர்டரை ஒன்றாகப் போட்டால் இது ஒருமுறையோடு போகும். ஆனால் மொத்த மதிப்பு வரிவிலக்கு வரம்பை (எந்த மதிப்பு வரை வரி இல்லையோ அந்த எல்லையை) தாண்டக் கூடாது.

கப்பல்சீட்டு:
10% சரிதானா என்றும் பாருங்கள். பில்லில் எச்.எஸ். குறியீடு, அதாவது பொருளின் வகையைக் காட்டும் எண், இருக்கும். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே, மிச்சம் அந்தந்த நாட்டுடையது. விற்பவர் 'உதிரிபாகம்' என்று மொட்டையாக எழுதினால் தவறான வரித் தலைப்பில் விழும். 'பருத்தி, ஆண்கள் சட்டை, 2' என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வர்த்தக ஒப்பந்தப்படி கிடைக்கும் சலுகை வரி விகிதம் பொருள் தயாரான நாட்டைப் பொறுத்தது. பார்சல் அந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்பது மட்டும் அதற்குப் போதாது.

'கிஃப்ட்' என்று போட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்லவே வேண்டாம். பிடிபட்டால் அபராதம். பார்சல் தொலைந்தாலும் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது.

நூல்கண்டு:
செக்அவுட்டிலேயே வரி வாங்கிய தளத்தின் பார்சலுக்கும் மறுபடி கேட்கிறார்களே?

எடைக்கல்:
ஆர்டர் ரசீதில் டி.டி.பி. என்று இருந்தால் வரி விற்பவர் பொறுப்பு, டி.ஏ.பி. என்றால் உங்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரையிலான பார்சலுக்குத் தளம் ஐ.ஓ.எஸ்.எஸ். முறையில் (வாங்கும்போதே வரியை வசூலித்துக் கட்டும் பதிவு) மதிப்புக்கூட்டு வரி வாங்கலாம். அந்தப் பதிவு எண்ணைச் சுங்கத்துக்குப் போகும் மின்தரவில் அனுப்பாமல் விட்டால், இறங்கும் இடத்தில் திரும்பவும் வரி விழும். வரி தனியாகக் காட்டிய ரசீதைக் கூரியருக்கு அனுப்பி ஆட்சேபியுங்கள். பணம் கட்டியே பார்சலை எடுக்க நேர்ந்தால், இரண்டாவது ரசீதை வைத்து விற்பவரிடம் திரும்பக் கேளுங்கள்.

பழைய வரம்புகளை நம்பாதீர்கள். அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29-லேயே நிறுத்திவிட்டது.

கப்பல்சீட்டு:
திருப்பி அனுப்பும் கேள்வி விட்டுப்போயிற்று. பயன்படுத்தாத பொருளுக்கு வரியைத் திரும்பக் கேட்கும் வழி பல நாடுகளில் உண்டு. சில இடங்களில் அனுப்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; அனுப்பிவிட்டுக் கேட்டால் நடக்காது. இறக்குமதிப் பத்திரம், வரி கட்டிய ரசீது, ஏற்றுமதிச் சான்று மூன்றும் தேவை. கூரியர் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது.