இழை: ‘இல்லிசிட் டிராஃபிக்கிங்’ - வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பொன்னி எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். கோயில் செயல் அலுவலர்கள், குருக்கள், மெய்க்காவலர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நவம்பர் 14 அன்று வெளியீடு. பண்பாட்டுப் பொருள்கள் களவாக நாடு கடப்பதையும் விற்கப்படுவதையும் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் ஏற்கப்பட்ட தேதி அது. அச்சகத்தில் வெள்ளிக்கிழமை கோப்பைக் கேட்கிறார்கள்.

தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்: ‘இல்லிசிட் டிராஃபிக்கிங் ஆஃப் கல்ச்சுரல் ப்ராப்பர்ட்டி’. இப்போதைக்கு ‘பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தல்’ என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட கடத்தல் என்று ஒன்று உண்டா என்ன? அதோடு, மூலத்தில் இந்தத் தொடர் திருட்டு, களவாகத் தோண்டுவது, பொய்க் காகிதம் தயாரிப்பது, ஏலத்தில் விற்பது எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கிறது. கடத்தல் என்றால் நம் காதில் எல்லை தாண்டுவது மட்டும்தானே விழுகிறது? உதவுங்கள்.

குடந்தைக் கிழவன் எழுதியது:

அம்மா, இதற்கு எதற்குப் புதுச்சொல்? தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. டீக்கடையில் கேட்டாலும் அதற்குப் பொருள் சொல்வார்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலில் பூட்டை உடைத்தவனும் சரி, நியூயார்க்கில் கலைப்பொருள் கடை போட்டிருந்த சுபாஷ் கபூரும் சரி, இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தபோது எல்லாப் பத்திரிகையும் ‘சிலைக் கடத்தல் வழக்கு’ என்றுதான் எழுதியது. படிக்கப்போகிறவர் மெய்க்காவலர். அவருக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஏடகத்தான் எழுதியது:

பெரியவர் மன்னிக்க வேண்டும். ‘கடத்து’ என்பது ‘கட’ என்பதன் பிறவினை. கடவு, கடவை, கடப்பு எல்லாம் ஒரே குடும்பம். இந்தச் சொல்லுக்குள் குற்றம் என்ற பொருளே கிடையாது, நாமாக ஏற்றியதுதான். இல்லையென்றால் மின்கடத்தியான செம்புக் கம்பியையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும்.

பழைய வழக்கைப் பாருங்கள். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் உல்கு (சுங்கம்) வாங்கிப் புலிச்சின்னம் பொறித்துத்தான் பண்டத்தை வெளியே விடுகிறார்கள். பொறி இல்லாமல் போகும் பண்டம் பொறியாப் பண்டம். அதன் போக்கு பொறியாப் பெயர்வு. இதிலிருந்து ‘கள்ளப்பெயர்ப்பு’ என்று ஆக்கலாம். பெயர்த்தல் எவ்வளவு வளமான சொல் என்று எண்ணிப் பாருங்கள். பீடத்திலிருந்து பெயர்ப்பது, ஊரைவிட்டு இடம் பெயர்ப்பது, உரிமையாளர் பெயரை மாற்றுவது மூன்றும் அதற்குள் இருக்கின்றன. டிராஃபிக்கிங் முழுவதும் வந்துவிட்டது!

‘சொத்து’ வேண்டவே வேண்டாம். அது ‘ஸ்வத்வம்’ என்பதன் திரிபு. உடைமை என்று நல்ல தமிழ் இருக்கிறது.

யாழ்ப்பாடி எழுதியது:

கள்ளப்பெயர்ப்பு என்றால் நான் களவாகச் செய்த மொழிபெயர்ப்பு என்றெல்லோ நினைப்பேன்.

இலங்கையில் அரச ஆவணங்களில் ‘கலாசாரம்’ என்றுதான் வரும். பண்பாடும் எங்களுக்கு விளங்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனிதரை வைத்துச் செய்யும் டிராஃபிக்கிங்கை இங்கே ‘மனித வியாபாரம்’ என்கிறார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போவதுதான் ஆட்கடத்தல். முன்னதில் ஆதாயம் முக்கியம், பின்னதில் தூக்கிப் போவது முக்கியம். இந்த வேறுபாட்டை இங்கேயும் பயன்படுத்தலாமே? பண்பாட்டுப் பொருள்களின் கள்ள வியாபாரம்.

ஏடகத்தான் எழுதியது:

வியாபாரம் வடசொல். வணிகம் என்க. (வணிகமும் வடசொல் என்று ஒரு கட்சி உண்டு. அதற்கு மறுப்பைத் தனியே எழுதுகிறேன்.)

பண்பாடு பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி.கே.சி. என்பார் வையாபுரிப்பிள்ளை. ஆனால் கலித்தொகையில் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று பண்பும் பாடும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆக

மட்டுறுத்துநர் எழுதியது:

ஏடகத்தாரின் மடல் நீளம் கருதிப் பாதியில் வெட்டப்பட்டது. பண்பாட்டுக்கு 2011இல் ஓடிய இழை காப்பகத்தில் இருக்கிறது. கடத்தலுக்கு வாருங்கள்.

சுங்கத்தார் எழுதியது:

வணக்கம். சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இலக்கணம் தெரியாது, நடைமுறை தெரியும்.

பழைய சிலை ‘பழைய சிலை’ என்று எழுதிக்கொண்டு துறைமுகத்துக்கு வராது. சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலைகளோடு கலந்து, கைவினைப்பொருள் என்று பில் போட்டு வரும். புதுச் சிலைக்குத் தொல்லியல் துறையில் ‘இது தொன்மைப் பொருள் அல்ல’ என்று சான்று வாங்க வேண்டும். புதியதைக் காட்டிச் சான்று வாங்குவான், பெட்டியில் பழையதை வைப்பான். எங்கள் மேசையில் இருப்பது முத்திரையுள்ள காகிதம். பொறி உள்ள பண்டம்தான் ஐயா, பொறியாப் பண்டம் இல்லை. முத்திரையே குற்றத்துக்குத் துணை போகிறது.

இன்னொன்று. சிவபுரம் நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் மண்ணுக்கடியில் கிடைத்தார். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அவரைப் போலவே இன்னொருவரை வார்த்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அசல் உள்நாட்டிலேயே கைமாறி, அப்புறம் கடல் தாண்டி, 1973இல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளர் வாங்கினார். 1986இல்தான் திரும்பி வந்தது. இதில் எல்லை தாண்டியது ஒரு நாள் வேலை. மற்றதெல்லாம் கைமாற்றுதான். கடத்தல் என்று சொன்னால் பூட்டை உடைத்தவனும் லாரி ஓட்டியவனும் மாட்டுவார்கள். கோட்டு சூட்டு போட்டு ஏலத்தில் கை தூக்கியவர் ‘கலைப்பொருள் சேகரிப்பாளர்’ ஆகிவிடுவார். உங்கள் சொல் அவரையும் பிடிக்க வேண்டும்.

பொன்னி எழுதியது:

சுங்கத்தார் ஐயா, நன்றி. இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் திணறினேன். உடன்படிக்கையின் முழுத் தலைப்பிலேயே மூன்று வினைகள் இருக்கின்றன: இறக்குமதி, ஏற்றுமதி, உரிமை மாற்றம். கடத்தல் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது.

தேனீ எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு சொற்களில் என் ஆட்சேபம்.

ஒன்று, ‘சட்டவிரோத’. உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, அதன்படி ஒரு நாடு வகுத்த விதிகளுக்கு மாறாக நடக்கும் ஏற்றுமதி, இறக்குமதி, உரிமை மாற்றம் எல்லாமே இல்லிசிட் என்கிறது. வாங்கும் நாட்டில் தண்டனைச் சட்டம் அதைத் தொடாமலும் இருக்கலாம். லண்டன் சட்டப்படி சரி, தஞ்சாவூர்ச் சட்டப்படி தப்பு என்கிற இடைவெளியில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. இல்லீகல் வேறு, இல்லிசிட் வேறு. ‘முறைகேடான’ என்பது நெருக்கம், ஆனால் பஞ்சாயத்துத் தணிக்கை அறிக்கை வாடை அடிக்கிறது. கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் இவற்றில் உள்ள ‘கள்ள’ சரியாகப் பொருந்தும்.

இரண்டு, ‘சொத்து’. எனக்கு வடமொழிப் பகை இல்லை. ஆனால் பத்தூர் நடராசர் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1976இல் பத்தூரில் தோண்டியபோது கிடைத்த செப்புத்திருமேனி. ஒரு கனடா எண்ணெய் நிறுவனம் 1982இல் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கோரியவர்களில் அந்தக் கோயிலும் ஒருவர். கோயில் வழக்காட வல்ல சட்டநபர் என்று ஏற்றுக்கொண்டார்கள், 1991இல் நடராசர் திரும்பினார். நம் நாட்டுச் சட்டத்திலும் தெய்வம் சட்டநபர்தான். எனவே குருக்களிடம் போய் ‘சுவாமி பண்பாட்டுச் சொத்து’ என்றால், சுவாமி சொத்தா, சொத்துக்காரரா என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது.

குடந்தைக் கிழவன் எழுதியது:

சுவாமி ஆள் என்றால், இது ஆள்கடத்தல். ஆக கடத்தல்தான் சரி! என் கட்சி வென்றது.

யாழ்ப்பாடி எழுதியது:

:)

ஏடகத்தான் எழுதியது:

நகைச்சுவை போகட்டும். ‘கள்ள’ என்ற முன்னொட்டுக்குப் பதில் ‘களவு’ என்றே பெயராக வைக்கலாம். களவுடைமை, களவுப்பொருள்.

தேனீ எழுதியது:

தொல்காப்பியம் படித்த குழுமத்தில் களவுப்பொருள் என்றால் தலைவனும் தலைவியும் புனத்தில் சந்திப்பார்கள். மெய்க்காவலர் கையேட்டில் களவியல் வேண்டாமே.

ஏடகத்தான் எழுதியது:

அப்படியானால் சிலம்புக்கு வாருங்கள். புகாரின் வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவலின்றிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின்மீதும் உடையவன் பெயரும் குறியும் பொறித்திருக்கிறது. இளங்கோ அதைக் ‘கண்ணெழுத்து’ என்கிறார். இப்போது உலகமெங்கும் ஆப்ஜெக்ட் ஐடி என்று ஒரு பதிவுமுறையைப் பரிந்துரைக்கிறார்கள் அல்லவா? படம், அளவு, பொருள், அடையாளக் குறி எழுதி வைப்பது. அதற்குக் கண்ணெழுத்து என்றே பெயரிட்டுவிடலாம். இராசராசன் தஞ்சைக் கோயில் கல்வெட்டில் செய்ததும் இதுதான். தான் கொடுத்த திருமேனி ஒவ்வொன்றும் பாதாதி கேசாந்தம் (அடி முதல் முடி வரை) எத்தனை விரல் உயரம், எத்தனை கை, கனமாக வார்த்ததா, பொள்ளலா (உள்ளே வெற்றா), பீடத்தின் அளவு என்ன என்று வரிசையாக வெட்டிவைத்திருக்கிறான்.

சுங்கத்தார் எழுதியது:

இது நல்ல செய்தி. பொன்னியம்மா, தலைப்பு எப்படியும் போகட்டும், இந்தக் கல்வெட்டைக் கையேட்டுக்குள் சேருங்கள். பதிவேடும் படமும் இல்லாத சிலையை எந்த நாட்டிலும் மீட்க முடியாது. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதம் காட்டினார்கள். அது பொய் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014இல் திரும்பி வந்தது. அனந்தமங்கலம் இராமர், இலக்குவன், சீதை 2020இல் பிரிட்டனில் இருந்து வந்ததும் அதே புகைப்படத் தொகுப்பால்தான். குருக்களுக்குச் சொல்ல வேண்டியது இது: போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

யாழ்ப்பாடி எழுதியது:

ஒரு ஐயம். நெதர்லாந்து 2023 டிசம்பரில் எங்களுக்கு ஆறு பொருள்களைத் திருப்பித் தந்தது, லெவ்கே பீரங்கி உட்பட. அது 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்தது. அதுவும் இந்தச் சொல்லுக்குள் வருமா? உங்கள் சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் லைடனுக்குப் போனதும் ஒல்லாந்தர் காலத்தில்தானே?

தேனீ எழுதியது:

வராது. 1970 உடன்படிக்கை பின்னோக்கிப் பாயாது. லெவ்கே பீரங்கி வந்தது அரசியல் முடிவால், இந்த உடன்படிக்கையால் அல்ல. அதற்கு ‘காலனியக் கொள்ளை’ என்று நேராகவே சொல்லலாம், நாசூக்கு தேவையில்லை.

குடந்தைக் கிழவருக்கு ஒரு வார்த்தை: ‘சிலை’ போதாது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2015இல் 2199ஆம் தீர்மானத்தில் இராக், சிரியாவில் இருந்து களவுபோன தொல்பொருள்களின் வணிகத்தைத் தடுக்கச் சொன்னது. பயங்கரவாதக் குழுக்களுக்குப் பணம் அங்கிருந்து போகிறது என்பதால். 2021இல் அமெரிக்கா இராக்குக்குத் திருப்பித் தந்தது கில்காமேஷ் கதையின் ஒரு பகுதி எழுதிய களிமண் பலகை. நம் ஊரிலும் ஓலைச்சுவடியும் கல்வெட்டுத் துண்டும் போகின்றன. சட்டத்தில் 75 ஆண்டு தாண்டிய சுவடியும் தொன்மைப் பொருள்தான். சிலை என்று தலைப்பு வைத்தால் சுவடிப் பெட்டியை யாரும் பார்க்கமாட்டார்கள்.

குடந்தைக் கிழவன் எழுதியது:

சரி, சிலையை விட்டுக்கொடுக்கிறேன். (எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் திருமேனியைச் சிலை என்றாலே கோபம் வரும், அது வேறு.) கடத்தலை விடமாட்டேன். ‘கள்ளவணிகம்’ என்றால் மெய்க்காவலர் சாராயக் கடையை நினைப்பார். நம் வேலை அவருக்குச் சொல் கற்றுக்கொடுப்பதா, கோயிலைக் காக்கச் சொல்வதா?

பொன்னி எழுதியது:

இரண்டும்தான் ஐயா, வேறு வழியில்லை. வாங்குகிறவர் குற்றவாளி என்று தெரிந்தால்தானே, ‘பெரிய கம்பெனி சார், நல்ல விலை தருகிறார்’ என்று வரும் தரகரைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வரும்? கடத்தல்காரன் முகமூடி போட்டுக்கொண்டு இரவில் வருவான் என்று அவர் காத்திருக்கிறார். இவன் பகலில் தேங்காய்த் தட்டோடு வருகிறான்.

இதுவரை வந்தவை: கடத்தல், கள்ளப்பெயர்ப்பு, கள்ளவணிகம், கள்ளக் கைமாற்று (சுங்கத்தார் பேச்சில் இருந்து நானே எடுத்துக்கொண்டது). சொத்து, உடைமை, பொருள். இன்றிரவுக்குள் விருப்பம் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

காலங்கடத்தலும் கடத்தலே. ஒருவரி மடல்கள் மட்டும்.

தேனீ: பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கைமாற்று.

யாழ்ப்பாடி: கள்ள வியாபாரம். இல்லாவிட்டால் கள்ளக் கைமாற்று.

சுங்கத்தார்: கைமாற்று.

குடந்தைக் கிழவன்: கடத்தல், கடத்தல், கடத்தல்.

ஏடகத்தான்: கள்ளப்பெயர்ப்பு. ‘கைமாற்று’ என்றால் நம் வீடுகளில் மாதக் கடைசியில் அண்டை வீட்டில் வாங்கும் கடன். சிலையைக் கடன் வாங்கினார்களா?

பொன்னி எழுதியது:

ஏடகத்தார் சொன்னது உறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘கள்ள’ முன்னே வந்ததும் கடன் பொருள் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். கோப்பை அனுப்பிவிட்டேன். அட்டையில் ‘பண்பாட்டுப் பொருள் கடத்தல்: கோயில் பணியாளர் கையேடு’, கிழவர் ஐயாவுக்காக. உள்ளே முதல் பக்கத்தில், கடத்தல் என்பது திருட்டு, களவுத் தோண்டல், பொய்க் காகிதம், விற்பனை, வாங்குதல் உள்ளிட்ட கள்ளக் கைமாற்று முழுவதும் என்று ஒரு பத்தி. சொத்து எங்கும் இல்லை. தஞ்சைக் கல்வெட்டு 6ஆம் பக்கத்தில் இருக்கிறது.

‘ப்ரொவெனன்ஸ்’ (ஒரு பொருள் யார் யார் கையில் இருந்து வந்தது என்ற விவரம்) இன்னும் தீரவில்லை. ‘உடைமை வரலாறு’ என்று போட்டிருக்கிறேன். மெய்ப்பு திங்கட்கிழமை வரும், அதுவரை மாற்றலாம்.

ஏடகத்தான் எழுதியது:

அட்டையில் ஒரு சொல், உள்ளே ஒரு சொல் என்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது. என் மறுப்பைக் காப்பகத்தில் பதிவு செய்க. ப்ரொவெனன்ஸுக்குக் ‘கைவழி’ என்பதே சரி. காரணங்களை ஞாயிறன்று தனி இழையில் தருகிறேன், சற்று நீளும்.