வேஸ்ட்கேட்டுக்கு ‘மறுகால் கதவு’: என் பரிந்துரையும் காரணங்களும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து தமிழாக்கும் டர்போ எஞ்சின் சொற்பட்டியலில் மற்றவை ஏறக்குறைய முடிவாகிவிட்டன. டர்போவுக்கு வரும் புகையில் மிஞ்சியதை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை: கழிவு வாயில், புறவழிக் கதவு, அழுத்தக் கட்டுப்படுத்தி, மதகு, கலிங்கு (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்), அப்புறம் கிளிநொச்சி நண்பர் எழுதிய வான்கதவு (குளத்தின் உபரிநீர்க் கதவு). நான் ‘மறுகால் கதவு’ என்பதை முன்வைக்கிறேன்; மறுகால் என்றால் குளத்தில் மிஞ்சிய நீர் வெளியே போகும் வழி. அந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதைச் சொல்லாமல் காரணத்தை விளக்க முடியாது. அதனால் மடல் கொஞ்சம் நீளும். அகராதியில் அழகாக இருந்தால் மட்டும் போதாது. பட்டறையில் ஒருவர் “அதைக் கழற்றிப் பார்” என்றால் மற்றவர் வேறு பாகத்தில் கை வைத்துவிடக் கூடாது.

நம் ஊரில் ஓடும் எஞ்சின் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வரிசை. ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஆக்டேவியா கார்களில் 1.8 டிஎஸ்ஐ என்று வந்தது. நான்கு சிலிண்டர், 1798 சிசி. லாராவில் 160 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே வந்துவிடும். அவ்வளவு கீழே அந்த விசை வேண்டுமென்றால் டர்போ சிறியதாக இருக்க வேண்டும். டர்போவில் எஞ்சின் புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும்; அதே தண்டில் உள்ள கம்ப்ரசர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சிறிய டர்பைன்தான் கொஞ்சம் புகை வந்தாலே சுழல ஆரம்பிக்கும். ஆனால் 5000 சுற்றில் வரும் மொத்தப் புகையும் அதே டர்பைன் மேல் பாய்ந்தால் அதன் வேகம் எல்லை மீறும். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் எகிறும். கலவை முறை தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். ஆகவே ஒரு அளவுக்கு மேல் வரும் புகையை டர்பைன் பக்கம் விடாமல் நேராக சைலன்சர் பக்கம் அனுப்பிவிட வேண்டும். வேஸ்ட்கேட்டின் வேலை இவ்வளவுதான்.

1962-ல் வந்த செவ்ரோலே கோர்வேர் டர்போவில் இந்தப் பாகமே கிடையாது; புகைக்குழாயின் தடையை நம்பித்தான் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். 1977 பிராங்க்பர்ட் கண்காட்சியில் வந்த சாப் 99 டர்போதான், நான்கு சிலிண்டர் காரில் சிறிய டர்போவும் வேஸ்ட்கேட்டும் சேர்ந்தால் அன்றாட ஓட்டத்துக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று காட்டியது.

சரி, பாகத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். டர்பைன் கூட்டுக்குள் பக்கவாட்டில் ஒரு துளை. அதை மூடியபடி, இரண்டு விரலால் பிடித்துவிடக்கூடிய ஒரு வட்டத் தகடு. தகடு ஒரு சின்னக் கையில் கொஞ்சம் தளர்வாகக் கோக்கப்பட்டிருக்கும். துளையின் விளிம்பில் சீராக உட்கார அந்தத் தளர்வு வேண்டும். கையின் தண்டு ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) வழியாகக் கூட்டுக்கு வெளியே வரும். வெளியே ஒரு நெம்புகோல், அதிலிருந்து மெல்லிய கம்பி, கம்பியின் மறுமுனையில் அதை இயக்கும் ஆக்சுவேட்டர் குடுவை. குடுவைக்குள் ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும். கம்ப்ரசர் பக்கக் காற்றழுத்தம் சவ்வைத் தள்ளும், ஸ்பிரிங் எதிர்க்கும், அழுத்தம் ஜெயித்தால் தகடு திறக்கும். நடுவில் என்75 என்று பட்டறைகளில் சொல்லும் மின்வால்வு ஒன்று, சவ்வுக்குப் போகும் காற்றைக் கசியவிட்டுத் திறப்பைத் தள்ளிப்போடும். அந்த வால்வுக்கு மின்சாரம் வராமல் போனாலும் ஸ்பிரிங் கணக்குக்குத் தகடு தானாகவே திறந்துவிடும். மூன்றாம் தலைமுறையில் குடுவையை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தார்கள்; தகடும் கையும் புஷ்ஷும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த இடத்தில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எண்ணெய் போட முடியாத புஷ் அது. நாளாக ஆக ஓட்டை பெரிதாகி, தண்டு ஆட ஆரம்பிக்கும். தகடு முழுதாக மூடாது; கீழ்ச் சுற்றில் டர்பைனுக்கு வேண்டிய புகை அந்த வழியே ஓடிவிடும். ஸ்கேனரில் கேட்ட அழுத்தம் ஒன்று, கிடைத்த அழுத்தம் ஒன்று என்று வித்தியாசம் தெரியும். அழுத்தம் குறைவு என்பதற்கான பி0299 என்ற பழுதுக்குறி விழும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுக்கும்போது தகரம் அதிர்வது போன்ற சத்தமும் வரும். தகடு மூடியபடியே ஒட்டிக்கொண்டால் கதை தலைகீழ்: அழுத்தம் ஏறிப்போய் பி0234 விழும், கம்ப்யூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும்.

இனி ஓட்டுநர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் சொல்வது ஒரே வார்த்தை: “பிக்கப் இல்லை.” அதற்குள் எத்தனை காரணங்கள் இருக்கலாம்! இந்த எஞ்சினின் பழைய வடிவங்களில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் உள்வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. கிராங்க் அறையிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே கெட்டிக் கரியாகப் படியும். வால்நட் ஓட்டுத்தூளை வேகமாக அடித்துத்தான் அதை எடுக்கிறார்கள். கிராங்க் அறை ஆவியை வெளியேற்றும் வால்வின் சவ்வு கிழிந்தாலும் பிக்கப் போகும், கூடவே ஒரு விசில் சத்தம். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றாலும் போகும். ஆக்சிலேட்டரை விடும்போது அழுத்தக் காற்றைக் கம்ப்ரசரின் முன்பக்கத்துக்கே திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்தாலும் போகும், அதற்கும் பெரும்பாலும் அதே பி0299-தான். சத்தத்திலும் குழப்பம் உண்டு. பழைய இஏ888-களில், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் சங்கிலியின் இறுக்கி பேர் போன பலவீனம்; குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் சில வினாடி கரகரவென்று கேட்டால் அது சங்கிலியாக இருக்கலாம். அதை டர்போ சத்தம் என்று நினைத்து விட்டுவைத்தால், சங்கிலி பல் தாண்டி வால்வுகள் பிஸ்டனில் மோதும். இத்தனை பாகங்கள் ஒரே அறிகுறியைப் பங்குபோட்டுக்கொள்ளும் எஞ்சினில், பெயர்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் யாருக்கும் உபயோகமில்லை. சொற்களை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

> ‘கழிவு வாயில்’ ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. எஞ்சினிலிருந்து வரும் புகை முழுவதுமே கழிவுதான். சிலிண்டரிலிருந்து அது வெளியேறும் துளையைத்தான் ‘கழிவு வாயில்’ என்று எவரும் புரிந்துகொள்வார். வெளிவால்வோடு குழம்பும் பெயரை டர்போவுக்குக் கொடுக்கக் கூடாது. இங்கே சொல்ல வேண்டியது கழிவு என்பதை அல்ல, தேவைக்கு மிஞ்சியது என்பதை.

‘அழுத்தக் கட்டுப்படுத்தி’ மிக அகலம். என்75-ம் அழுத்தத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. டீசலிலும் இதே சிக்கல். நம் ஊரில் எல்லாப் பட்டறைக்கும் பழக்கமான ஃபியட் 1.3 மல்டிஜெட்டை எடுங்கள். ஸ்விஃப்ட்டில் வந்த 75 குதிரைத்திறன் வடிவத்தில் வேஸ்ட்கேட் உண்டு. எர்டிகா, சியாஸ் கார்களின் 90 குதிரைத்திறன் வடிவத்தில் டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் திரும்பி அதே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே அழுத்தக் கட்டுப்பாடுதான், பழுதும் உதிரிபாகமும் முற்றிலும் வேறு.

‘புறவழிக் கதவு’ பொருளளவில் சரி, எனக்கு மரியாதை உள்ள சொல். ஆனால் எண்ணெய் வடிகட்டியிலும் புறவழி வால்வு இருக்கிறது. டைவர்ட்டர் வால்வையும் பலர் பைபாஸ் வால்வு என்கிறார்கள். மேலே சொன்னபடி, வேஸ்ட்கேட்டும் டைவர்ட்டர் வால்வும்தான் பி0299-க்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளும் பாகங்கள். புகைப் பக்கம் ஒரு புறவழி, காற்றுப் பக்கம் ஒரு புறவழி என்றால் தவறான பெட்டி பிரிக்கப்படும்.

நீர்ப்பாசனத்திலிருந்து சொல் எடுக்கலாம் என்று தஞ்சை ஐயா தொடங்கிவைத்தது சரியான திசை. மிஞ்சியதை எங்கே எப்படி விடுவது என்று ஏரி வெட்டியவர்களைவிட யோசித்தவர்கள் யார்? ஆனால் ‘மதகு’ பாசனத்துக்கு விடும் வழிக்கும் பெயர், உபரியை விடும் வழிக்கும் பெயர். செம்பரம்பாக்கத்தில் அடையாற்றுக்கு உபரிநீர் விடுவதும் மதகு வழியாகத்தான். பயனுக்கு விடுவதா, மிஞ்சியதை விடுவதா என்று அந்தச் சொல் பிரித்துக் காட்டாது.

‘கலிங்கு’ அதைப் பிரித்துக் காட்டும். ஆனால் கலிங்கில் நிரம்பிய நீரே வழிகிறது. டர்போவில் அழுத்தம் ஏறுவது காற்றுப் பக்கம். வெளியே விடப்படுவது புகைப் பக்கம். கலிங்கு என்று சொன்னால் அழுத்தக் காற்றே வழிந்துபோகிறது என்று மாணவர் எடுத்துக்கொள்வார். அது வேறு வகை வால்வின் வேலை.

> எங்கள் பக்கம் மாரியில் குளம் நிரம்பினால் வான்கதவுகளைத் திறப்பார்கள். இதுவும் அதே வேலைதானே?

கிளிநொச்சி நண்பரே, பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் இந்த இழையில் வரவில்லை. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தி மழைக்காலத்தில் நாங்களும் படிப்பதுதான். கதவு என்பதும் இருக்கிறது, மிகுதி என்பதும் இருக்கிறது. இடைஞ்சல் ஒன்றே ஒன்று: இலங்கையில் வேன் வண்டியை வான் என்றுதான் எழுதுகிறீர்கள். வண்டிகளைப் பற்றிய சொற்பட்டியலில் ‘வான்கதவு பழுது’ என்று போட்டால் யாழ்ப்பாணத்துப் பட்டறையில் பக்கக் கதவின் பூட்டைத்தான் பார்ப்பார்கள். வேறு துறையாக இருந்தால் நான் இதற்கே வாதாடியிருப்பேன்.

ஆகவே மறுகால். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் குளம் நிரம்பினால் “மறுகால் பாய்கிறது” என்பார்கள். நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஊரே இருக்கிறது. வாய்க்காலில் உள்ள அதே ‘கால்’தான் இதிலும். மிகுதி என்ற பொருளும் மாற்றுவழி என்ற பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன. நிரம்பியது எது என்று சொல்லாமல், மிகுந்தது போகும் தடத்தை மட்டும் சொல்கிறது. அதனால் கலிங்கில் வந்த குழப்பம் இதில் வராது. கூட்டுக்குள் உள்ள துளையும் தடமும் ‘மறுகால்’, அதை மூடும் தகடு ‘மறுகால் கதவு’, தண்டு ஆடினால் ‘மறுகால் கதவில் ஆட்டம்’, ஆக்சுவேட்டர் ‘மறுகால் கதவு இயக்கி’. பந்தயக் கார்களில் டர்போவுக்கு வெளியே தனியாகப் பொருத்துவதை ‘வெளி மறுகால்’ என்றுவிடலாம். தென்மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல் புதிதாக இருக்கும் என்பது உண்மை. பத்து முறை படித்தால் பழகிவிடும். முக்கியமாக, அதைத் தவறாகப் படிக்க அவர்களிடம் வேறு பொருள் எதுவும் வண்டிக்குள் இல்லை.

டைவர்ட்டர் வால்வுக்கு ‘திருப்பு வால்வு’ போதும் என்று நினைக்கிறேன். காற்றைத் திருப்புகிறது, அவ்வளவுதான். டர்போ, பூஸ்ட் இரண்டையும் அப்படியே விடுவோம். அவற்றில் எந்த மயக்கமும் இல்லை.

பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் பதிவு இது: “மறுகால் கதவு – டர்பைனுக்கு வரும் புகையில் தேவைக்கு மிஞ்சியதை, டர்பைனைத் தொடாமல் நேரே புகைக்குழாய்க்கு விடும் கதவு.” இதில் ‘புகை’ என்பதற்கு ‘வெளியேற்று வளிமம்’ வேண்டும் என்று பாடநூல் பக்கத்து நண்பர்கள் கேட்கலாம். எனக்குப் புகையே போதும் என்று தோன்றுகிறது, ஆனால் அதில் பிடிவாதம் இல்லை. என்75-க்குத்தான் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘திறப்பு தள்ளி’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்.