பைப்புத் தண்ணீரில் புளித்த வாடை: யாரிடம் புகார் செய்வது?

லயத்து மகள்:
மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம். அப்பா இன்னும் குலை வெட்டுகிறார், அம்மாவோடு லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறார். அங்கே அரசாங்கத் தண்ணீர் கிடையாது. தோட்டமே ஆற்றிலிருந்து இறைத்து டாங்கியில் ஏற்றுகிறது. மூன்று வாரமாக, மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. புளித்த கஞ்சி வாடை. பைப்பில் அம்மா கட்டிய வெள்ளைத் துணி இரண்டே நாளில் வழவழவென்று பழுப்பேறிவிட்டது. ஆற்றின் மேல்பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. கிராணியிடம் (தோட்டத்துக் குமாஸ்தா) சொன்னால், "காய்ச்சிக் குடிங்க" என்கிறார். போதுமா?

குளத்து வேலைக்காரன்:
தங்கச்சி, வேறோர் ஆலையில் பதினெட்டு வருஷம் கழிவுக்குளம் பார்த்தவன் நான். நிறத்தை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். கரிமண் சதுப்புத் தண்ணீரும் தேத்தண்ணி மாதிரிதான் இருக்கும். ஆனால் அது புளித்து நாறாது.

ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். அது ஆற்றின் உயிர்வாயுவை எவ்வளவு தின்னும் என்பதற்கு பிஓடி என்று ஓர் அளவு உண்டு. பச்சைக் கழிவில் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். பொதுவாக ஆற்றில் விட அனுமதி 100. குளத்துச் சகதியை வாராமல் விட்டால் ஒரு பெருமழை போதும், கரை வழிந்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், இந்தக் கழிவு எங்கே போகும்? குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள்.

வழியும் நேரத்திலேயே சுற்றுச்சூழல் இலாகாவைக் கூப்பிடுங்கள். மத்தியானம் போனால் ஆறு தெளிந்துவிடும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, ஆற்றைக் கெடுத்தால் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரைக்கும் போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய சங்கத்துக்காரர்:
அண்ணன் சொன்னது ஆற்றுக்கு. பைப்புக்கு ஆள்பல இலாகா, அதாவது தொழிலாளர் இலாகா. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி, லயத்துக்குப் போதிய குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பது முதலாளி கடமை. அம்மா பேரில் மட்டும் எழுதாதீர்கள், கிராணி முறைப்பார். வரிசை முழுக்கக் கையெழுத்து வாங்குங்கள்.

லயத்து மகள்:
அண்ணே, நேற்று ராத்திரி நல்ல மழை. காலை 6.40-க்கு அலோர் (வடிகால்) ஓரமாக நடந்து போய், நுரை விழும் இடத்தைப் படம் எடுத்தோம். போன் செய்ததும் புகார் எண் கொடுத்துவிட்டார்கள். குடிக்க அக்கா வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் வருகிறது. பன்னிரண்டில் ஒன்பது வீடு கையெழுத்துப் போட்டாச்சு. மிச்ச மூன்று வீட்டுக்கு அம்மாவே சாயந்திரம் போகிறார்.