ஓப்பன் கோல்ஃப்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

பாரி ஓடைக்கரை:
1999-ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ழான் வான் டி வெல்டுக்குக் கடைசிக் குழியில் மூன்று ஷாட் முன்னிலை. ஆறு ஷாட்டில் முடித்தாலே கோப்பை. டிரைவ், அதாவது முதல் ஷாட், வலது பக்கம் போனது. இரண்டாவது ஷாட் பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடைச் சுவரில் மோதி, பின்னால் வந்து அடர்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது நேராகப் பாரி ஓடைக்குள்.

அப்போது நான் டண்டீயில் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் முட்டி மோதி ஓடைப் பக்கம் இடம் பிடித்திருந்தேன். அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். சுற்றிலும் ஒரே சிரிப்பு. என் பக்கத்தில் நின்ற ஸ்காட்லாந்துப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளியே வந்துவிடு, வெளியே வந்துவிடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார், பெற்ற பிள்ளை கிணற்று மேட்டில் நிற்கிற மாதிரி. வான் டி வெல்ட் இடுப்பில் கைவைத்துத் தண்ணீருக்குள் கிடந்த பந்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் வெளியே வந்து, அபராதம் ஏற்று, பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் அடித்து, அங்கிருந்து எடுத்து, ஏழில் முடித்தார். சமநிலை ஆனதால் சில குழிகள் கூடுதலாக ஆடும் பிளே-ஆஃபில் தோற்றுப்போனார். அந்தக் காட்சியை டிவியில் இன்றும் நகைச்சுவைத் துணுக்கு மாதிரி போடுகிறார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் குரல்தான் கேட்கிறது.

அபர்டீன் செல்வி:
பாரி அண்ணா, உங்கள் பதிவில் ஜெயித்தவர் பெயரே இல்லை! 25 வருஷத்துக்கு மேலாக எல்லோரும் செய்வது இதுதான். பால் லாரி. எங்கள் அபர்டீன்காரர். தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்தவர். கடைசி நாள் காலையில் பத்து ஷாட் பின்தங்கியிருந்து 67 அடித்தவர். பிளே-ஆஃபின் கடைசி இரண்டு குழியிலும் பேர்டி, அதாவது குழிக்கு விதித்த கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு. அது யாரும் தூக்கிக் கொடுத்த கோப்பையா?

அன்று மாலை நான் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தேன். ரேடியோவில் பிளே-ஆஃப். பதினேழாவது குழியில் லாரி குழியை நோக்கி உருட்டிய பட் உள்ளே போனதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, மீட்டரை நிறுத்திவிட்டார். "கொஞ்சம் பொறும்மா, இதைக் கேட்டுவிட்டுப் போகலாம்" என்றார். பதினெட்டில் லாரி அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது என்று ரேடியோ சொன்னபோது ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முடிந்ததும் மறுபடி மீட்டரைப் போடவே இல்லை. அடுத்த நாள் பேப்பரைத் திறந்தால் எங்கும் ஓடைக்குள் நிற்கிற பிரெஞ்சுக்காரர் படம்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அயர்ஷயர் கண்ணன்:
டர்ன்பெரி, 2009. டாம் வாட்சன், வயது 59. அதற்கு முந்தைய வருஷம்தான் இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். அதே மைதானத்தில் 1977-ல் நிக்லஸோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரே ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தவர். 2009-ல் கடைசிக் குழியில் நான்கு போதும். ஜெயித்திருந்தால் பழைய சாம்பியன் ஹாரி வார்டனின் ஆறு ஓப்பன் வெற்றிகளைத் தொட்டிருப்பார். 1867-ல் 46 வயதில் ஜெயித்த ஓல்ட் டாம் மோரிஸ்தான் இன்றுவரை மூத்த சாம்பியன். அந்தக் கணக்கும் அன்றோடு மாறியிருக்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவருக்கு கோல்ஃப் தெரியாது. "அந்த ஆளுக்கு என்ன வயசு?" என்று கேட்டார், சொன்னேன். கிட்டத்தட்ட அவர் வயசுதான். அதன்பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை. வாட்சன் எட்டாம் நம்பர் அயர்ன் கட்டையால் அடித்த பந்து அழகாக வந்து குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் விழுந்தது. நிற்கவில்லை. உருண்டு பின்பக்கம் இறங்கியது. அங்கிருந்து தட்டியது குழியைத் தாண்டிப் போனது. திரும்பி அடித்த பட், கிட்டத்தட்ட எட்டு அடி தூரம், கிளம்பியபோதே தெரிந்தது உள்ளே போகாது என்று. அப்பா எழுந்துவிட்டார். இன்னும் பிளே-ஆஃப் இருக்கிறது என்றேன். "பார்க்க வேண்டாம், வா" என்றார். ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்த செய்தி எங்களுக்குக் கார் நிறுத்துமிடத்தில்தான் தெரிந்தது. அப்புறம் பத்திரிகையாளர்கள் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது வாட்சனே "இது ஒன்றும் சாவு வீடு இல்லையே" என்றாராம். ஊருக்குத் திரும்பும் வரை அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணல்மேட்டு வாசு:
எல்லாக் கதையும் அருமை. நான் 2022-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கேமரன் ஸ்மித் பதினேழாவது குழியில் ரோடு பங்கர் என்ற மணல் பள்ளத்தைச் சுற்றி, பந்தை உருட்டும் கட்டையான பட்டரால் தட்டியதைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் கதை.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. லூகர்ஸில் இறங்கி பஸ் பிடியுங்கள். ஜூலைதானே என்று அரைக்கைச் சட்டையோடு போகாதீர்கள், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம். ஒரே ஆட்டக்காரர் பின்னால் பதினெட்டுக் குழியும் அலைய வேண்டாம். மணல்மேடுகளில் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துவிடும், தலைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. காலையிலேயே ஏதாவது ஒரு பார் 3 (மூன்று ஷாட் கணக்குள்ள சின்னக் குழி) பக்கம் உட்கார்ந்துவிட்டால் அத்தனை பேரும் உங்கள் முன்னால் வந்து போவார்கள். காற்று எப்படி மாறுகிறது, அதற்கு எந்தக் கட்டையை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் புரியும். போட்டி இல்லாத நாளில் போனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் நாயோடு நடப்பார்கள், ஸ்வில்கன் பாலத்தில் நிதானமாக நிற்கலாம். பிரெஸ்ட்விக்கையும் விடாதீர்கள். 1860-ல் எட்டே பேர் ஆடி இதெல்லாம் ஆரம்பித்த இடம். பன்னிரண்டு குழி மைதானத்தை ஒரே நாளில் மூன்று சுற்று சுற்றினார்கள். 174 ஷாட்டில் வில்லி பார்க் ஜெயித்தார். ரயில் நிலையத்தை ஒட்டியே மைதானம். பழைய முதல் குழி தொடங்கிய இடத்தில் கற்குவியலாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

கல்லறைத் தோட்டம்:
வாசு சொன்ன பிரெஸ்ட்விக்கின் பழைய முதல் குழியை, 578 கெஜக் குழியைத்தான் 1870-ல் யங் டாம் மோரிஸ் மூன்றே ஷாட்டில் முடித்தார். அந்தக் காலத்துப் பந்தையும் கட்டையையும் வைத்துக்கொண்டு! அந்த வருஷத்தோடு தொடர்ந்து மூன்றாவது வெற்றி, விதிப்படி பரிசான சிவப்புத் தோல் பெல்ட் அவருக்கே சொந்தமாகிவிட்டது. கொடுக்கப் பரிசில்லாமல் 1871-ல் போட்டியே நடக்கவில்லை. 1872-லும் அவரே. இப்போது கொடுக்கும் கோப்பையான கிளாரெட் ஜக் அதற்கு அடுத்த வருஷம்தான் தயாரானது. ஆனாலும் அதில் முதலில் பொறித்திருப்பது அவர் பெயர்.

1875 செப்டம்பரில் நார்த் பெரிக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று தந்தி வந்தது. படகில் கடலைக் கடந்து வீடு சேர்வதற்குள் தாயும் போய், பிள்ளையும் போய். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவரும் போய்விட்டார். வயது 24.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் கல்லறையில் அவர் சிலை இருக்கிறது, பட் அடிக்கக் குனிந்து நிற்கிற மாதிரி. நான் போனபோது ஒரு அம்மா பேரனோடு வந்து, காலடியில் ஒரு கோல்ஃப் பந்தை வைத்தார். பையன், "இவர் எத்தனை கோப்பை ஜெயித்தார் பாட்டி?" என்று கேட்டான். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் மனைவி, பிள்ளை கதையைத்தான் சொன்னார். அப்பா ஓல்ட் டாமின் கல்லறையும் அங்கேயேதான். மகன் போன பிறகு 30 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார் அந்த மனுஷன்.

டர்பன் நாதன்:
வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்த் தாத்தா, கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். சின்ன வயதில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் கட்டைப் பையைச் சுமப்பவராக இருந்தவர். ஒருநாள் அவர் துடைப்பக் கட்டையை எடுத்து, இடது கையைக் கீழே, வலது கையை மேலே வைத்துப் பிடித்து, "இப்படித்தான் பிடிப்பான் பாப்வா" என்று வீசிக் காட்டினார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத பிடி.

பாப்வா சேவ்கோலம். இந்திய வம்சாவளி, கேடியாக இருந்து டச்சு ஓப்பனை மூன்று முறை ஜெயித்தவர். 1963-ல் டர்பனில் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது, நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தின் லிதமில் நடந்த ஓப்பனில் ஆடி 13-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். இடதுகைக்காரர் பாப் சார்ல்ஸ் ஜெயித்த ஓப்பன் அது. பின்னாளில் சொந்த நாட்டுப் போட்டிகளிலிருந்தே பாப்வாவை ஒதுக்கிவிட்டார்கள்.

பாரி ஓடைக்கரை:
நாதன், பெரிய கொடுமைதான். ஆனால் இது நேட்டால் கதை, இங்கே ஓப்பன் பற்றித்தானே பேச்சு?

டர்பன் நாதன்:
லிதமும் ஓப்பன்தானே பாரி? உள்ளூரில் மழையில் நிற்கவைத்த மனுஷன் அங்கே நான்கு சுற்றும் எல்லோரோடும் சரிசமமாக ஆடினார். அந்தத் தாத்தாவிடம் மழைப் படம் இருந்தது, நேட்டால் பேப்பரிலிருந்து வெட்டி வைத்தது. லிதமில் ஆடுகிற படம் ஒன்றுகூட இல்லையே என்று கடைசிவரை குறைப்பட்டார். அந்த வட்டாரத்தில் இருக்கிற யாராவது நூலகத்தில் 1963 ஜூலைப் பேப்பரைத் தேடிப் பார்க்க முடியுமா? கிடைத்தால் அவர் மகளுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அபர்டீன் செல்வி:
லிதம் பக்கத்தில் என் நாத்தனார் இருக்கிறாள், நூலகத்தில் கேட்கச் சொல்கிறேன். பாப்வா பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்று தனியாக அனுப்புங்கள் அண்ணா.