முதல் தடவை பயாப்ஸி பண்றோம்னு பேஷன்ட்கிட்ட சொல்லணுமா?

கேள்வி:
டெர்மட்டாலஜி (தோல் மருத்துவம்) முதல் வருஷம் நான். போன வாரம் என் கையால முதல் பஞ்ச் பயாப்ஸி (சின்ன வட்டக் கத்தியால தோல்ல ஒரு துண்டு எடுத்து சோதனைக்கு அனுப்பறது), முதுகுல, 4 மி.மீ. அளவுல. அதுக்கு முன்னாடி சிலிக்கோன் பேடு, பன்னிக்கால்னு தையல் போட்டு நல்லா பழகிட்டுதான் போனேன். படுத்திருந்த அம்மா "நிறைய பண்ணிருப்பீங்கல்ல டாக்டர்"னு கேட்டாங்க, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சீனியர் "அதெல்லாம் பயப்படாதீங்கம்மா"ன்னு முடிச்சுட்டாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா உறுத்துது. கன்சென்ட் ஃபார்ம்ல யார் பண்ணுவாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. சொன்னா வேணாம்னுடுவாங்களோன்னு பயம், அப்புறம் நாங்க எப்படித்தான் கத்துக்கறது?

பதில் 1:
அவங்க நேராவே கேட்டுட்டாங்க, அப்ப மழுப்பினது தப்புதான். நான் ஜூனியர்ஸுக்கு சொல்லிக் குடுக்கறவன். "இது எனக்கு முதல் தடவை, சார் பக்கத்துலயே இருப்பாரு, வேணாம்னா அவரே பண்ணுவாரு"ன்னு சொல்ல வைப்பேன், முக்காவாசி பேர் சரின்னுதான் சொல்றாங்க. இன்னொண்ணு, லிக்னோகெய்ன் போட்டா தோல்தான் மரத்துப்போகும், காது நல்லா கேக்கும். "ஐயோ அங்க வெட்டாத"ன்னு கத்தக் கூடாது, நான் மணிக்கட்டைத் தொட்டா நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வச்சுக்குவோம். எந்த இடம்ங்கறதும் முக்கியம். நெத்திப்பொட்டுல ஃபேஷியல் நெர்வோட கிளை மேலாப்புலயே ஓடுது, அது அறுந்தா புருவம் தூக்க வராது. கழுத்துப் பக்கவாட்டுல ஸ்பைனல் அக்சசரி நெர்வ் போச்சுன்னா கையத் தலைக்கு மேல தூக்கறதே கஷ்டம். புதுசா பண்றவங்கள இங்கல்லாம் நான் விடவே மாட்டேன்.

பதில் 2:
நான் டாக்டர் இல்ல, பேஷன்ட். கன்னத்துல மச்சம் எடுத்தப்போ முகத்துல துணியெல்லாம் போர்த்தினப்புறம்தான் "இவங்க பண்ணட்டுமா"ன்னு கேட்டாங்க. அந்த நிலைமையில யாரால வேணாம்னு சொல்ல முடியும்? உக்காந்து பேசிட்டு இருக்கும்போதே கேட்டிருந்தா சந்தோஷமா சரின்னு சொல்லிருப்பேன்.

பதில் 3:
எனக்கு இதை விட பயம் ரெண்டு நாள் ஃபில்லர் (முகத்துல சுருக்கம், பள்ளத்தை நிரப்ப ஊசியில போடற ஜெல்) கோர்ஸ்தான். காசு கம்மின்னு வர்றவங்களுக்கு 'மாடல்'னு பேர் வச்சு ஊசி போட்டுப் பழகறாங்க. புருவ நடுவுல ரத்தக்குழாய்க்குள்ள ஃபில்லர் போயிடுச்சுன்னா கண்ணு பார்வையே போகலாம், இதை எத்தனை மாடலுக்கு சொல்றாங்க? ஃபில்லரைக் கரைக்கற மருந்து ஹயலுரோனிடேஸ் கையில இருக்கா, ராத்திரி வலிச்சா யாருக்கு போன் பண்றதுன்னு கேட்டா பதிலே வராது. கோர்ஸ் முடிஞ்சு ஊசி போட்டவர் ஊருக்குப் போயிருப்பாரு.

கேள்வி கேட்டவர்:
நாளன்னைக்கு அந்தம்மா தையல் பிரிக்க வராங்க, நான்தான் பிரிக்கணும். பிரிக்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடறேன்.